அண்ணன் வாங்காத பேட்டரி

இரண்டு பேட்டரியை விழுங்கிய வண்டி மூன்றாவதையும் விழுங்கத்தான் செய்யும், விற்றுத் தொலைக்கலாம் என்று அண்ணன் காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாயங்காலம் தரகர் வருவதாக ஏற்பாடு. தங்கையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காரோ அவள் பெயரில் இருந்தது. கணவனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த ஒரே பெரிய சாமான் அது.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் இடுப்பு முறிந்தவர்களையும் வீடு தேடிப் போய் நடக்க வைப்பது வேலை. மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. வண்டி போனால் வேலை போகும். அப்புறம் அண்ணி கூப்பிட்ட நேரத்துக்குச் சாப்பிட்டு, அண்ணன் விளக்கணைத்த நேரத்துக்குத் தூங்க வேண்டியதுதான். அண்ணன் கெட்டவர் இல்லை. எல்லாம் தனக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அவர் வியாதி.

அந்த வியாதிதான் பேட்டரியையும் தின்றது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடுகிறது, பேட்டரியில் தெம்பில்லை என்று கண்டுபிடித்தவர் அவர். அதனால் முதல் தடவை பெரியதாக ஒன்று வாங்கினார். அது செத்ததும் அதைவிடப் பெரியது. இரண்டாவது, அதற்குரிய தட்டில் உட்காரவே இல்லை. நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இனி அசையாது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

அவர் வேலைக்குப் போனதும் அவள் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தாள். சிக்னலில் அணைவது கோளாறில்லை, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றார்கள். நாளெல்லாம் அணைந்து அணைந்து கிளம்பும் எஞ்சினுக்கென்று தனி வகை பேட்டரி உண்டாம். சாதாரண பேட்டரி எவ்வளவு பெரிதானாலும் சீக்கிரம் களைத்துவிடுமாம்.

அடுத்து பேட்டரிக் கடைக்குப் போனாள். கடைக்காரரை எல்லாரும் ‘ஆசிட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போடும் சட்டையெல்லாம் பொத்தல். அண்ணனின் கூட்டாளி. அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் கை போனுக்குப் போனது.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேம்மா.”

“கேளுங்க. அவரு வண்டிக்கு வாங்க வரும்போது கேளுங்க.”

போன் மேஜைக்குத் திரும்பியது. முதலில் எடுத்துவைத்த பேட்டரியில் பிளஸ் முனை இடப்பக்கம் இருந்தது. அவள் வண்டியில் வலப்பக்கம். கம்பியை இழுத்து மாட்டிக்கொள்ளலாம் என்றார். இழுத்து மாட்டி வாழ்ந்ததெல்லாம் போதும் என்று அவள் வேறு கேட்டாள். அடுத்தது வகை சரி, அளவும் சரி, மேலே தூசி ஒரு விரல் கனம். தூசியைத் துடைத்துத் தயாரித்த தேதியைத் தேடினாள். ஒரு வருஷத்துக்கு மேல் அலமாரியிலேயே கிடந்த சரக்கு.

“பேட்டரிக்குக்கூட ஜாதகம் பாக்கறீங்களே.”

“பாக்காம ஒண்ண வீட்டுக்குள்ள சேத்துட்டு நான் பட்டது போதும்.”

ஆசிட் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, உள்ளே போய்ப் புதிதாக வந்திறங்கியதைத் தூக்கிவந்தார். மீட்டரை வைத்து அளந்து காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் அவள் தலையாட்டினாள்.

அண்ணனும் தரகரும் வந்தபோது அவள் முற்றத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். ஷாக் அடிக்கும், கையை எடு என்றார் அண்ணன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்புக் கம்பியை முதலில் கழற்றினாள், பிறகு சிவப்பு. புதியது தட்டில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அதை அசையாமல் பிடிக்கும் கிளாம்பை முறுக்கி, சிவப்பை மாட்டி, கடைசியாகக் கறுப்பை மாட்டினாள். பானெட்டை மூடி, உள்ளே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

தரகர் முகம் மலர்ந்தது. ஓடுகிற வண்டி என்றால் கூடுதலாகவே போகும் என்றார். அண்ணனுக்கும் சந்தோஷம்.

“நல்ல காரியம் பண்ணினே. சாவியை இப்பிடிக் குடு.”

“குடுக்கலண்ணா.”

“அவருக்கு வாக்குக் குடுத்துட்டேம்மா. என் மரியாதை என்னாகறது?”

“வாக்கு உங்களுது. உங்க வண்டியக் குடுத்துக் காப்பாத்திக்குங்க.”

தரகர் தன் செருப்பைப் பார்த்தார். அவள் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் நேராகப் போய் கேட்டின் நடுவில் நின்றார். இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் நான் சொல்வதுதான் என்று தொடங்கி, அப்பா காலம்வரை போய்வந்தார். அவள் முழுதும் கேட்டாள். ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது கண்ணாடியை இறக்கினாள்.

“நீங்க இருன்னு சொன்னா மாடியில இருக்கேன். போன்னு சொன்னா இந்த வண்டியிலேயே சாமானை ஏத்திட்டுப் போறேன். ராத்திரி யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப ஒரு பெரியவர் சுவரப் பிடிச்சுக்கிட்டு எனக்காக நிக்கறாரு.”

கியர் விழுந்தது. வண்டி ஓரடி நகர்ந்து நின்றது. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவாள் என்று தோன்றியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கினார். ஒதுங்கின வேகத்தில் கேட்டின் ஒரு கதவு பாதி மூடிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். கடைசியில் அவரே அதைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டார்.