பம்பரத்தின் இரண்டாவது ப

வைண்டருக்குக் கண் முழுவதும் போய் இரண்டு வருடம் ஆகிறது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர் என்பதால் தெருவே அவரை வைண்டர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பார்வை போன பிறகும் தொழில் போகவில்லை. எத்தனை சுற்று ஆச்சு என்பதை விரலே எண்ணிவிடும். அவர் கையை விட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான், மகளின் கடிதம்.

மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போனில் பேசச் சொன்னால் கஞ்சம், எழுதச் சொன்னால் தாராளம். வாரம் தவறாமல் வீட்டு மின்னஞ்சலுக்குத் தமிழில் பக்கம் பக்கமாக எழுதுவாள். மனைவிதான் படித்துக் காட்டுவாள். மூன்று மாதமாக அதில்தான் ஏதோ இடித்தது. மவுஸின் சக்கரம் பதினேழு முறை கட்கட்டென்று உருளும். மனைவியின் வாயிலிருந்து வருவது நாலே வரி. நல்லா இருக்காளாம், அங்கே மழையாம், புதுச் செருப்பு வாங்கினாளாம். ஐநூறு சுற்றில் ஒன்று குறைந்தாலே கண்டுபிடிக்கிற ஆளுக்கு இப்படியா காது குத்துவது? கேட்டால், அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள் என்று அடித்துச் சொல்வாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். அதனாலேயே, கடிதத்தை இனித் தானே படித்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்று வீட்டில் முன்பும் இருந்தது. மச்சினன் போட்டுக் கொடுத்தது. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் வரும், தமிழ் எழுத்தைக் கண்டால் வாயடைத்துவிடும். ஒருநாள் பாதி வாக்கியத்தில், உரிமம் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்த ஆங்கிலத்தையும் நிறுத்திக்கொண்டது. இரண்டு வாரம் முன்பு, மனைவி கடிதம் படிக்கிற அந்தக் கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டது.

புது லேப்டாப்பை வைண்டர் வெறும் பெட்டியாகத்தான் வாங்கினார், உள்ளே ஒன்றுமே கிடையாது. யோசனை சொன்னது ஆபரேட்டர். ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிறவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இருவருக்கும் போனில் மட்டும்தான் பழக்கம். எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளிலேயே முடித்துவிடலாம் என்று அவர் சொன்னபோது வைண்டருக்குப் புரியவில்லை.

"கட்டு இல்லாம காயில் சுத்துனா அவுந்து போயிடுமே?"

ஆபரேட்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய ஆஸ்பத்திரிக்கே இரண்டு நிமிடம் போன் போகவில்லை. "அந்தக் கட்டு இல்லங்க. இத யாரும் பூட்டி வைக்கல. தொறந்து பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

சீல் வைத்த மோட்டார்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஓசியில் வருவதெல்லாம் ஒரு வாரம் தாங்காது மாமா என்று மச்சினன் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆபரேட்டர் ஒரு பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி, தமிழையும் பொருத்தி, தபாலில் அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கடைக்குக் கிளம்பினாள். வாசல் பூட்டு விழுந்த சத்தம் கேட்டபிறகே வைண்டர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தார். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. இது தோற்றால் தனியாகத் தோற்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பென்டிரைவைச் செருகினார். ஆன் செய்து, சொல்லிக் கொடுத்தபடி மேல்வரிசைப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை. விசிறி மட்டும் மூச்சு விட்டது. நூற்றுப் பத்து எண்ணியபோது சின்னதாக ஒரு மணி அடித்தது. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார்.

"திரை வாசிப்பான் தயார்" என்றது லேப்டாப்.

வைண்டர் சுடுபட்டவர்போலக் கையை எடுத்துக்கொண்டார். இன்னும் எதையும் நிறுவவேயில்லை. வெறும் பெட்டி. அது தமிழில் பேசுகிறது. மூக்கடைத்த குரல், ஏற்ற இறக்கம் கிடையாது, ஆனாலும் சந்தேகமில்லாமல் தமிழ். பார்வையில்லாத ஒருவன் யாருடைய துணையும் இல்லாமல் முதல் பொத்தானிலிருந்தே இதைச் செய்ய நினைப்பான் என்று எங்கேயோ ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். அந்த நினைப்பில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் எல்லாம் எண்ணிக்கைதான். இத்தனை தட்டுக்கு ஒரு கேள்வி, இத்தனைக்கு அடுத்தது. குரல் கேட்கும், அவர் பதில் சொல்வார். கோப்புகள் இறங்கும்போது பன்னிரண்டு சதவீதம், இருபது சதவீதம் என்று அது சொல்லச் சொல்ல, அடுப்பில் பாலை வைத்தவர்போல அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இளவயதில் தட்டச்சுப் பள்ளிக்குப் போன விரல்கள் இப்போது கைகொடுத்தன. சோதித்துப் பார்க்க என்னவோ ஒரு சொல், பம்பரம் என்று அடித்தார். குரல் அட்சரசுத்தமாகச் சொன்னது. வைண்டர் யோசித்தார். எழுத்தில் இரண்டும் ஒரே ப. வாயில் முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. நாம் பிறந்ததிலிருந்து யோசிக்காமல் சொல்வதை இந்தப் பெட்டிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கங்கணம், பந்தம், தொண்டை என்று வரிசையாக அடித்தார். ஒன்றில்கூடத் தவறவில்லை. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு மின்னஞ்சலைத் திறந்து, மூன்று மாதத்துக்கு முந்தைய கடிதத்திலிருந்து தொடங்கினார்.

முதல் கடிதத்தில் உண்மையாகவே செருப்பும் மழையும்தான். "இப்படிக்கு, பொம்மு" என்று குரல் முடித்தபோது அவருக்குச் சுருக்கென்றது. வீட்டில் மகளுக்கு அதுதான் பெயர், பொம்மை மாதிரி பிறந்தவள். ஆனால் குரலோ பம்பரத்தின் முதல் ப போட்டு, வழிப்போக்கன் கூப்பிடுவதுபோல அவளைக் கூப்பிட்டது. சரி, யந்திரம்தானே என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது கடிதம் இப்படி ஆரம்பித்தது.

"அம்மா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது படி தெரியவில்லை என்று சொன்னேனே, டாக்டரிடம் போனேன். அப்பாவுக்கு வந்ததேதான். மெதுவாகத்தான் போகுமாம், பத்து வருடம்கூட ஆகலாமாம். அப்பாவுக்குத் தெரிந்தால் தன்னால்தான் எனக்கு வந்தது என்று உடைந்துபோவார். அவர் கண் போனதைக்கூடத் தாங்கினார், இதைத் தாங்க மாட்டார். எனக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை அம்மா. இப்படிக்கு, பொம்மு."

பன்னிரண்டு சதவீதம் சொன்ன அதே குரலில், அதே வேகத்தில். பொம்மு என்பதை மறுபடி தப்பாக.

வைண்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகள் சொன்னது சரி, என்னால்தான் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. கை சும்மா இருந்தால் அவர் மனசு தறிகெட்டு ஓடும், அது அவருக்கே தெரியும். என் மகள் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட இந்தப் பெட்டிக்குத் துப்பில்லையா என்று கோபம் வந்தது. பூட்டி வைக்கவில்லை என்றுதானே ஆபரேட்டர் சொன்னார்? அவருக்குப் போன் போட்டு, உச்சரிப்பு எழுதிய கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார். காரணம் சொல்லவில்லை.

கோப்பு திறந்தது. உள்ளே இருந்தது வெறும் எழுத்துதான். ம் என்ற எழுத்துக்குப் பின்னால் ப வந்தால் இப்படி ஒலி, ங் என்ற எழுத்துக்குப் பின்னால் க வந்தால் அப்படி ஒலி என்று தமிழன் வாய் செய்கிற வேலையெல்லாம் வரிவரியாக எழுதப்பட்டிருந்தது. நடுவில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு விட்டிருந்தார். குரல் அதைப் படித்தது. "எனக்குத் தமிழ் தெரியாது, பேசுகிறவர்களைக் கேட்டு, கேட்டதை எழுதினேன். தப்பு இருக்கும், மன்னிக்கவும். தெரிந்தவர்கள் திருத்துங்கள்" என்பது அதன் சாரம்.

வைண்டர் அதை மூன்று முறை படிக்கவைத்தார்.

தமிழே தெரியாத ஒருவர். பார்த்தே இராத ஒரு குருடனுக்காக, பம்பரத்தின் இரண்டாவது ப எப்படி இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூலி கேட்கவில்லை, பெயர்கூடப் போடவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்டிருக்கிறார். வைண்டருக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது, மகளை நினைத்தா அந்த மனிதரை நினைத்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பத்து வருடம் கழித்து என் மகள் வந்து நிற்கப்போகிற இடத்தில் யாரோ முன்னமே பாய் விரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

கடைசி வரிக்குக் கீழே பொம்மு என்று சேர்த்து, அதற்கு இரண்டாவது ப என்று குறித்தார். முதல் முறை வரவில்லை. நாலாவது முறை வந்தது.

மனைவி கதவைத் திறந்தபோது லேப்டாப் மகளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, வீட்டில் கூப்பிடுவது மாதிரியே. பை கைநழுவிக் கீழே விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது.

"படிச்சிட்டீங்களா?"

"ம்."

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு..." அவள் அப்படியே நாற்காலியில் சரிந்து, மூன்று மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அவர் தடவிக் கையைப் பிடித்தார். ராத்திரி படுத்தால் பக்கத்திலேயே கிடக்கிறவள், இவ்வளவையும் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். கோபப்பட நினைத்திருந்தவருக்கு அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நீ இத்தன நாள் தனியாப் படிச்சது போதும்," என்றார். "மொதல்ல இருந்து போடறேன். சேந்து கேப்போம்."

பதிமூன்று கடிதம். இருவரும் தோளோடு தோளாக உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்கள். முடிந்ததும் அவர் பதில் என்ற இடத்துக்குப் போய் அடிக்க ஆரம்பித்தார். குரல் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

"பொம்மு, அப்பாவே படித்தேன். இனிமேல் எனக்கும் சேர்த்து எழுது."