இனால் யார்?

என் தங்கையின் எம்பிராய்டரி மெஷின் யானைக்குட்டி என்றால், அதை ஓட்டும் மென்பொருள் மகாராஜா. கட்டைவிரல் அளவு மின்னணுச் சாவி ஒன்று கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்தால்தான் மகாராஜா கண்ணைத் திறப்பார். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. புதியதில் அந்தச் சாவிக்கு ஓட்டையே இல்லை. விற்ற கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள்.

"சாயங்காலம் ஆள் வண்டியோட வரான். மெஷினைக் குடுத்துடலாம்," என்றார் அவள் கணவர். தங்கை மெஷினுக்கு உறை போட்டாள். அவள் வரைந்த பூவும் கொடியும் கிளியும் அந்த மென்பொருளுக்குள்தான் அடைபட்டுக் கிடந்தன.

விடுவேனா? ஓய்வு பெற்ற மூளைக்கு இதைவிட விருந்து ஏது! நண்பனின் ஓட்டைக் கம்ப்யூட்டரில் சாவியைச் செருகி, சாவியின் வயிற்றிலிருந்த எண்களை ஒன்றுவிடாமல் ஒரு கோப்பாக உறிஞ்சிக்கொண்டு வந்தேன். அவற்றை ரெஜிஸ்ட்ரி என்னும் கம்ப்யூட்டரின் குறிப்பேட்டில் ஏறும் கோப்பாக மாற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், ஒரு குட்டி நிரல் அதைப் படித்துவிட்டு, 'நான்தான் அந்தச் சாவி' என்று மகாராஜாவிடம் கூசாமல் புளுகும்.

அந்தக் கோப்பின் விதிப்படி எண்ணுக்கு எண் கமா போட்டதில் என் விரல் தேய்ந்து பாதியாகிவிட்டது. ஏற்றினேன். 'சாவி இல்லை' என்றது திரை.

"மலையைப் புரட்டறேன்னு வந்தீங்களே மச்சான்."

"கொஞ்சம் சும்மா இருங்க மாப்பிள்ளை."

உறிஞ்சி வந்த கோப்பை மறுபடி திறந்தேன். தங்கை திரையருகே குனிந்தாள். எண்களுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன.

"அண்ணா, யாரு இந்த இனால்?"

"எந்த இனால்?"

"ஐ, என், ஏ, எல். ஏங்க, சாவி வாங்கறப்ப நீங்கதான பேர் குடுத்தீங்க? யாரு அவ?"

"ஐயோ, எனக்கு எந்த இனாலையும் தெரியாது," என்ற மாப்பிள்ளைக்கு ஆறாக வியர்த்தது.

வயிறு குலுங்கச் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. முதலிரண்டு எழுத்தை இடம் மாற்று: என், ஐ. அடுத்த இரண்டை மாற்று: எல், ஏ. நிலா! தங்கையின் கடைப் பெயர். கோப்பு முழுவதும் ஜோடி ஜோடியாகத் தலைகீழாக வந்திருக்கிறது. நான் புரட்டாமலேயே கமா போட்டிருக்கிறேன்!

"மாப்பிள்ளை, எண்களை ஒண்ணொண்ணா வாசிங்க."

மானம் காக்க அவர் வாசித்த வேகம் இருக்கிறதே, ரயில் தோற்றது. ஒவ்வொரு ஜோடியையும் புரட்டிப் போட்டு மறுபடி ஏற்றினேன். மகாராஜா கண்ணைத் திறந்தார். திரை முழுக்கக் கிளிகள்.

வாங்க வந்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது ஊசி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தங்கை தலை நிமிரவில்லை.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. துணியில தூசி விழுது."