லைனில் மிச்சம் இருப்பது

என் மாமனாருக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. பல்லைப் பார்த்து வயசு சொல்லுவார், சாணியைப் பார்த்து நோய் சொல்லுவார். மனுஷனைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று அந்தத் திமிரிலேயே நினைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் 2006 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, நானும் என் வீட்டுக்காரரும் பஸ்ஸை விட்டு இறங்கி மெதுவாக நடந்து வந்ததைப் பார்த்ததும் தெருவில் நின்றபடியே கத்தினார்.

"காயடிச்சி அனுப்பிட்டானுங்களே! என் புள்ளைய எருது ஆக்கி அனுப்பிட்டானுங்களே!"

எதிர்வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், கையில் இருந்த மருந்துப் பையை அவர் காலடியில் வீசியிருப்பேன். அதில் இருந்தது என் வீட்டுக்காரரின் வலி மாத்திரை என்பதால் வீசவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் குணசுந்தரி. பிறந்தது ஆர்.கே.பேட்டைப் பக்கம், வாக்கப்பட்டது ஆரணி. பட்டுப் புடவை ஆரணி இல்லை, பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. மாமனார் அரசப்பனுக்கு ஆற்றோரம் நாலு ஏக்கர் நெல் வயல். மூத்த மகன் குப்புராஜ்தான் என் வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பைப் லைன் ஃபிட்டர். எங்களுக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.

எனக்குச் சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அது இதயத்துக்குள் இருக்கும் கதவு ஒன்றைச் சுருக்கிவிட்டதாம். இரண்டாவது பிரசவத்தில்தான் இது தெரிந்தது. பதினோரு நாள் மூச்சுக் குழாயோடு கிடந்து பிழைத்தேன். இன்னொரு பிள்ளை உண்டானால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று சென்னையில் இதய டாக்டர் அம்மா எழுதியே கொடுத்தார். காப்பர்-டி போட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரையோடு அது சேரவில்லை, ரத்தப்போக்கு நிற்காமல் எடுத்துவிட்டார்கள். எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பேனா என்பது அவர்களுக்கே சந்தேகம்.

"அவருக்குப் பண்ணிடலாமே. கால் மணி நேர வேலை" என்றார் அந்த டாக்டர் அம்மா.

நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. எந்த ஆம்பிளையும் இதற்கு ஒத்துக்கொண்டதாக எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர், "எங்க போவணும்னு சொல்லுங்க மேடம்" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் நடந்த முகாமில் டாக்டர் சாலமோன் என்பவர் எங்களை உட்கார வைத்து, சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். விதை இரண்டும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கும். அவை இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று, மீசையும் குரலும் பலமும் தருகிற ஹார்மோனைச் சுரப்பது. அது நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இன்னொன்று, விந்தணுவை உண்டாக்குவது. அது நூல் மாதிரி ஒரு குழாய் வழியாக மேலே ஏறி, மூத்திரப் பைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வருகிறது. தையல்கூட வேண்டாத ஒரு சின்ன ஓட்டை வழியாக அந்தக் குழாயை மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வெட்டிக் கட்டிவிடுவார்கள். வெளியே வரும் திரவத்தில் பெரும்பங்கு வழியில் இருக்கும் வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் அளவில்கூட வித்தியாசம் தெரியாது. உள்ளே உண்டாகிற அணுக்களை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், நாங்க கம்பெனில வால்வ மூடினாலும் அதுக்கு அந்தாண்ட லைன்ல இருக்கற சரக்கு ஒடனே காலியாவாது. தனியா வடிக்கணும். இதுலயும் மிச்சம் இருக்குமில்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நானா சொல்றதுக்கு முன்னாடி இதக் கேட்ட மொத ஆள் நீதான்பா. மிச்சம் இருக்கும். மூணு மாசம் ஆவும் காலியாவ. அதுவரைக்கும் நிரோத் உறை இல்லாம சேரக்கூடாது. மூணு மாசம் கழிச்சி டெஸ்ட் எடு. ஜீரோன்னு எழுதி வந்தாதான் நம்பணும். அதுக்கு முன்னாடி ஒரு தரம் அசந்தாலும் இந்தம்மா உசுருக்கு நான் பொறுப்பில்ல."

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு பை நிறைய நிரோத் பாக்கெட்டுகள் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு இதய செக்கப் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். எங்களை முகாமில் பார்த்த ஊர்க்காரன் எவனோ எங்களுக்கு முன்னால் வந்து ஓதிவிட்டிருந்தான். அதனால்தான் தெருவில் அந்த வரவேற்பு.

உள்ளே வந்தும் மாமனார் நிறுத்தவில்லை. "மாட்டுக்கு இடுக்கி போட்ட பத்தாம் நாளு திமிலு தொங்கிப்பூடும். இவன் இனிமே மூட்டை தூக்குவானா, ஏரு புடிப்பானா? பொட்டச்சி பேச்சக் கேட்டுப் பூட்டானே!"

என் வீட்டுக்காரர் வலியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷன். எனக்கு அந்தப் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

"மாமா, மாட்டுக்கு இடுக்கியில எத நசுக்கறாங்க? ரத்தம் போற குழாயையும் சேத்து நசுக்கறாங்க. ரத்தம் இல்லாம விதை ரெண்டும் சுருங்கிப்பூடுது. அதான் மாடு அடங்கிடுது. ஒங்க புள்ளைக்கு ரத்தக் குழாயத் தொடவே இல்ல. விந்து வர்ற குழாய மட்டும் கட்டி உட்டுகிறாங்க. விதை அதும் எடத்துலயே இருக்குது. மீசை பூட்டுதான்னு நாளைக்கும் பாருங்க, அடுத்த வருசமும் பாருங்க."

மாமனார் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "மாமனாரு கிட்ட மருமவ பேசற பேச்சாடி இது?"

"அவரு தெருவுல நின்னு பேசலாம், நான் ஊட்டுக்குள்ள பேசக்கூடாதா அத்த?"

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இல்லாத அந்தச் சின்ன ஓட்டையில் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரே பொறுமையாக, கம்பெனி வால்வை வைத்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விளக்கினார். மூன்று மாதம் லைனில் மிச்சம் இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு.

எட்டாம் நாள் வேலைக்குப் போனார். பொன்னேரியில் ரயிலேறும் வரைக்கும் கூட்டாளிகள் கிண்டல் செய்தார்களாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் வாரம் உர மூட்டையை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாமனாருக்கு முன்னால் நடந்தார். மாமனார் அவர் தோளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அத்தைதான் திடீரென்று தேனாக மாறினார். தினமும் முருங்கைக்கீரை, முருங்கைக்காய், மகனுக்குத் தனியாக ஒரு முட்டை. "புள்ளைங்கள நான் என்னாண்ட படுக்க வச்சிக்கறேன், நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா தூங்குங்க" என்று பெரியவள் நந்தினியையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு போனார். கோபம் தீர்ந்துவிட்டது என்று நான் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் ராத்திரி என் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருந்த நிரோத் பையைக் காணோம். என் வீட்டுக்காரர் கைவிட்டுத் துழாவிப் பார்த்தார். இல்லை என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை சாணி கொட்டப் போனபோது அந்தப் பை எருக்குழியில் கிடந்தது.

அழுக்குப் பையோடு அப்படியே அடுப்படிக்குப் போனேன். "அத்த, இத யாரு அங்க போட்டது?"

"நான்தான். இன்னா இப்ப?" அவர் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "மூணு மாசம் மிச்சம் இருக்குதுன்னு அவன்தானே சொன்னான்? போவறதுக்குள்ள ஒரு ஆம்பளப் புள்ள தங்கிட்டா போதும். அப்பறம் நீங்க எத வேணா மூடிக்கோங்க."

"எனக்கு உண்டானா செத்துப்பூடுவேன்னு டாக்டர் எழுதிக் குடுத்துகிறாங்களே!"

"அதெல்லாம் ஒன்னும் ஆவாது. எனக்கு ஏழு பொறந்துது. செத்தா பூட்டேன்?"

ஒன்றும் ஆகாது. என் உயிரைப் பற்றி, கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். எட்டு வருஷம் அவருக்குக் கால் அமுக்கியிருக்கிறேன். நெஞ்சு படபடத்தது. மூச்சு வாங்கியது. அது கெட்டுப்போன கதவினாலா, ஆத்திரத்தினாலா என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஆணா பொண்ணான்னு முடிவு பண்றதும் ஒங்க புள்ளையோட விந்துதான், என் வயிறு இல்ல. மிச்சத்துல ஒன்னு தங்கினாலும் அது மறுபடியும் பொண்ணா இருந்தா? நான் செத்து, மூணு பொட்டப் புள்ளைங்கள நீங்க வளப்பீங்களா?"

நான் புடவை மாற்றிக்கொண்டு பஜாருக்கு நடந்தேன். மருந்துக் கடையில் நானே வாய் திறந்து நிரோத் கேட்டேன். கடைக்காரர் பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செய்தித்தாளில் சுற்றப் பார்த்தார். "சுத்த வேணாம், அப்படியே குடுங்க" என்று வாங்கி, கையில் தெரியும்படி தெருவோடு எடுத்து வந்தேன். கூடத்தில் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே அந்தப் பையையும் தொங்கவிட்டேன். ஒளித்து வைத்தால்தானே யாருக்கும் தெரியாமல் எடுத்து எறியமுடியும்? எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் எவர் கை வைத்தாலும் தெரியும்.

சாயந்தரம் வந்த என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ குணா" என்றார். ஆனால் எடுக்கவில்லை. மாமனார்தான் பாவம். நல்ல நேரம் பார்க்காமல் மாட்டைக்கூட அவிழ்க்கமாட்டார். தினமும் காலையில் அந்தப் பைக்கு எதிரில் நின்றுதான் ராகு காலம் பார்க்க வேண்டியிருந்தது. வந்த சொந்தக்காரர்கள் அது என்ன என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் நான் நெல் புடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை மெல்ல நகர்ந்து போய் ஆணிக்குக் கை நீட்டினார். நான் எழுவதற்குள் வாசலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"அதுல கை வெக்காத. கன்னு போட்டா செத்துப்பூடும்னு மாட்டு டாக்டர் சொன்னப்ப நம்ம செவலைய நான் காளைக்கு உட்டனா? மாட்டுக்கே உடல. இவளுக்கு உடுவனா?"

என்னை மாட்டோடு சேர்த்துப் பேசியதற்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டில் நான் சாகக்கூடாது என்று என் வீட்டுக்காரரைத் தவிர ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை கையை இழுத்துக்கொண்டார். மாமனார் என் பக்கம் திரும்பாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

அந்த மாசம் எனக்கு நாலு நாள் தள்ளிப்போனது. ஒழுங்காகத்தான் இருந்தோம், ஆனாலும் அந்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டும்போதெல்லாம் அழுதேன். ஐந்தாம் நாள் வந்தபோது கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐப்பசியில், கொட்டும் மழையில், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு லேபுக்குப் போனோம். டாக்டர் சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டோம், வாயால் சொல்லித்தான் டெஸ்டுக்குக் கொடுத்தோம். அங்கே ஒரே ஒரு பாத்ரூம். அவர் டப்பாவோடு உள்ளே போனதும் மூத்திர டெஸ்டுக்கு நின்றவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். "இருங்கப்பா, லேட்டாவும்" என்று நானே சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து டெக்னீசியன் ரிஜ்வான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் எனக்குக் கேட்டது.

"அண்ணே, மனசத் தேத்திக்குங்க. ரெண்டு தடவ பாத்துட்டேன். ஒன்னு கூட இல்ல. அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க."

"குணா!" என்று என் வீட்டுக்காரர் லேபே அதிரக் கத்தினார். "ஜீரோ! ஜீரோவாம்!"

நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். ரிஜ்வான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "மெட்ராஸ்ல நல்ல டாக்டருங்க கீறாங்கக்கா, பேஜாராவாதீங்க" என்றார்.

"இல்லப்பா, நான் ஆபரேசன் பண்ணிக்கினேன். இது வரணும்னுதான் மூணு மாசமா காத்துகினு இருந்தோம்" என்றார் அவர்.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கழுத்தை நீட்டினார். "ஆம்பளைக்கா ஆபரேசன் பண்ணாங்க?"

"ஆம்பளைக்குத்தான் பெரியவரே" என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை வாங்கி மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் நின்றார். மகனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"எத்தினி இருக்குதாம்?"

"ஒன்னு கூட இல்ல அத்த."

அவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறக்காத பேரனுக்காக அழுதார். மாமனார் தேற்றப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன். அழட்டும். என் பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ வேண்டிய அழுகை அது. இதற்கே தீர்ந்து போகட்டும்.