குண்டூசி தேடியவள்

தினமும் காலையில் அந்த வேலை அவள் தலையில்தான் விழுந்தது. தையற்காரக் கணவன் பழைய பிளாஸ்டிக் பேசினில் வெளிக்குப் போய்விட்டு வருவான். அவள் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, குச்சியால் கிளறிக் குண்டூசி தேடுவாள். குடலைப் பிடுங்கும் நாற்றம். கட்டிக்கொண்ட பாவத்துக்கு இதையும் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

துணி வெட்டும்போது உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொள்வது அவன் பழக்கம். விபத்தில் கழுத்தெலும்பு நொறுங்கி, கழுத்தை முன்பக்கமாகத் திறந்து தகடு வைத்துத் திருகாணிகளை முடுக்கிய பிறகும் அது அவனை விடவில்லை. அதனால் தொண்டையில் என்னமோ குத்துகிறது என்று அவன் சொன்னபோது வீட்டில் யாரும் வேறு யோசிக்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரும் போனில் சிரித்தார். தையற்காரர்தானே, வாழைப்பழம் கொடுங்கள், தானாக வந்துவிடும் என்றார். ஊசியை முழுங்கவே இல்லை என்று அவன் தலையால் தண்ணீர் குடித்தும் எடுபடவில்லை.

பழம் இறங்க மறுத்தது. பாதி திரும்பி வரும், கூழாக, எச்சில் நூலோடு. வாயைத் திறந்தால் அழுகல் வாடை. அவள் தலையணையை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனாலும் வேளாவேளைக்கு வந்து தாடையைப் பிடித்துக்கொள்வாள்.

"முழுங்குங்க. நடிக்காதீங்க."

ஒருநாள் குச்சியில் ஏதோ தட்டியது. அப்பாடா என்று குழாயடியில் கழுவிப் பார்த்தாள். குண்டூசி இல்லை. கட்டையாக, சாம்பல் நிறத்தில், சுற்றிலும் மரையோடு ஒரு திருகாணி. அவன் தையல் மெஷினில் இப்படி ஒன்று கிடையாது. அது எங்கே இருந்தது என்று புரிந்ததும் அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் இப்போது சிரிக்கவில்லை. தளர்ந்த திருகாணி உணவுக்குழாயைக் குடைந்து உள்ளே விழுந்திருக்கிறது, விழுங்கியதெல்லாம் அந்தத் துளை வழியாகக் கழுத்துக்குள் கசிந்து சீழ் பிடித்திருக்கிறது என்றார். இனி வாய்வழியே சொட்டுத் தண்ணீர் போனாலும் உயிருக்கே ஆபத்தாம்.

"இன்னைக்கு ஏதாவது உள்ள போச்சா?"

கணவன் அவளை ஒருமுறை பார்த்தான்.

"ரெண்டு வாழைப்பழம். பசிச்சுது, நானே சாப்ட்டேன்," என்றான் கரகரத்த குரலில்.

தன்னை நினைத்தே அவளுக்குக் குமட்டியது. இத்தனை நாள் பேசினைக் கிளறியபோது வராத வாந்தி அப்போது வந்தது.