கட் சொல்பவள்

"ஒரே ஒரு வார்த்தைதான் கேக்குறேன், மொஸ்யூ ஃபார்ஜோ. சம்பளத்துல கூட எதுவும் கேக்கல."

"அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் கண்ணு நான் பொழப்பு நடத்தறேன்."

டைரக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆர்மெல் சிரிக்கவில்லை. க்ளிஷிப் பக்கத்து மூன்றாம் மாடி வீடொன்றில், வேண்டுமென்றே கலைத்துப் போட்ட கட்டிலின் ஓரத்தில், கம்பளி அங்கியைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பிப்ரவரி மாதம். வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று ஒலிப்பதிவில் விழுகிறதென்று அறையின் கணப்பை வேறு அணைத்துவிட்டிருந்தார்கள்.

அவள் கேட்டது இதுதான்: இந்தக் கட்டில் காட்சிக்கு மட்டும் 'கட்' சொல்வது தானாக இருக்க வேண்டும். முடியாதென்றால் அங்கி அவிழாது.

"ஊர் முழுக்க என்ன சொல்லிட்டு வர்றீங்க? இது பொம்பள ஆளற படம்னு. பத்திரிகையிலயும் வந்திருக்கு."

"ஆமா. அதுல ராணியே நீதான்."

"ராணிக்குக் குளிருதுன்னா யாருகிட்டப் போய்ச் சொல்லணும்?"

"அவருகிட்டத்தான்," என்றாள் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜினெத், மூலையிலிருந்து. "அவரு மந்திரிசபையக் கூட்டி முடிவு சொல்லுவாரு."

"ஜினெத், நீ அங்கிய மட்டும் பாத்துக்க."

"அங்கி அவ மேலதானே இருக்கு. அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஆர்மெல் பிடிவாதக்காரி இல்லை. போன படத்தில் நடந்ததுதான் அவளை இப்படி உட்கார வைத்திருந்தது. அதுவும் ஃபார்ஜோவின் படம், அதிலும் ஒரு கட்டில். காட்சி முடிந்தது, வசனம் முடிந்தது, ஆண் எழுந்து சிகரெட் பற்றவைக்கப் போய்விட்டான். 'கட்' மட்டும் வரவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் உடம்பில் ஒரு நூல் இல்லை. போர்வை கைக்கு எட்டாத தூரத்தில். யார் வாய் திறக்கும் என்று அறையிலிருந்த முகம் முகமாகத் தேடினாள், கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஃபார்ஜோ நிறுத்தினார்.

அந்தத் தேடலையும் கண்ணீரையும் அப்படியே படத்தில் வைத்துவிட்டார். மோகம் தீர்ந்தபின் பெண் மனதில் எழும் குற்றவுணர்வை என்னமாய்க் காட்டிவிட்டாள் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ரொட்டிக்கடையில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிப் பாராட்டினார். அவள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அது நடிப்பில்லை என்று ஜினெத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இந்தப் படத்தில் அவள் ரூவான் நகரத்து மருந்துக்கடைக்காரி, விதவை. தனக்கு வேண்டும்போது ஒருவனை வரச் சொல்கிறாள், போதுமென்றால் அனுப்பிவிடுகிறாள். ஆனால் எல்லாம் முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி அழ வேண்டும் என்று எழுதியிருந்தது.

"நடிக்கறவ தன்னைத்தானே வெளிய நின்னு பாக்க முடியாது," என்றார் ஃபார்ஜோ. "எங்க நிறுத்தணும்னு பாக்கறவனுக்குத்தான் தெரியும்."

"எனக்கு எப்பப் போதும்னு பாக்கறவருக்கு எப்படித் தெரியும்?"

கட்டிலின் மறுபக்கம் இடுப்பில் போர்வையோடு பன்றி இறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்த கதாநாயகன் ரெஜிஸ் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அவங்களே சொல்லட்டுமே, ஃபார்ஜோ. நானும் அந்தக் கட்டில்லதான் கிடக்கறேன். நீங்க நிறுத்தற வரைக்கும் வயித்த எக்கிக்கிட்டே இருக்க முடியல."

"ரொட்டிய நிறுத்தினா வயித்த எக்க வேண்டாம்," என்றாள் ஜினெத்.

கேமராக்காரர் காஸ்தோன்கூடச் சிரித்துவிட்டார். ஃபார்ஜோ கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையில் ஊரிலிருந்து திரும்புகிறார்கள். இன்றைக்கு விட்டால் இந்தக் கட்டில் கிடைக்காது.

"சரி. இந்தக் காட்சி உன்னோடது. கெடுத்துடாத."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் ஆர்மெலுக்குப் பயம் பிடித்தது. காஸ்தோன் ஃபார்ஜோவோடேயே வேலை பார்த்து நரைத்த மனிதர். அவர் கை அந்த ஒரு குரலுக்குத்தான் பழகியது. தான் சொல்லி, கேமரா நிற்காமல் போனால்? அது போன படத்தில் நடந்ததைவிடக் கேவலம்.

அங்கியை வாங்கிக்கொண்ட ஜினெத் காதருகே கேட்டாள். "என்னடி, வெளுத்துப் போயிட்ட?"

"வார்த்தை வாயில வருமான்னே தெரியல."

"வரலன்னா கைய ஆட்டு. நான் பாய்ஞ்சு வந்து லென்சு மேல அங்கியப் போத்திடறேன்."

கேமரா ஓடியது. ரெஜிஸ் குனிந்து அவள் தோளில் முத்தமிட்டான்.

"கட்," என்றாள் ஆர்மெல்.

குரல் மெலிந்துதான் வந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காஸ்தோன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, அவளைப் பார்க்காமல், ஃபார்ஜோவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் கண்டாள்.

ஃபார்ஜோ தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "என்னை ஏன்யா பாக்கற? ராணி சொன்னது காதுல விழலியா?" என்றார்.

இயந்திரம் நின்றது.

"என்ன ஆச்சு? ரெஜிஸ் ஏதாவது பண்ணினானா?"

"இல்ல."

"பின்ன?"

"ஒண்ணுமில்ல. நிக்குதான்னு பாத்தேன்."

முதலில் சிரிப்பு வெடித்தது ரெஜிஸுக்குத்தான். தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கினான். ஃபார்ஜோ மட்டும் சிரிக்காமல், "இன்னொரு தடவை," என்றார்.

இரண்டாம் முறை அவள் படுத்தது வேறு மாதிரி. இத்தனை படங்களிலும் உடம்பு கட்டிலில் கிடக்க, காது மட்டும் எப்போதும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் குரலுக்காகவே காத்திருக்கும். இன்று அந்தக் காது வீடு திரும்பியிருந்தது. ரெஜிஸின் முகத்தைக் கைநீளத்தில் நிறுத்தி, ஆசை தீரப் பார்த்தாள். அவன் அவசரப்பட்டபோது காதைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். தனக்கு எது வேண்டும் என்று அவன் கையைப் பிடித்துக் காட்டினாள். மருந்துக்கடைக்காரிக்குத் தன் இன்பம் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. அதைக் கேட்பதற்கு அவள் வெட்கப்படவில்லை.

முடிந்தது. சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டிய நேரம். அவள் திரும்பவில்லை. கைகளைத் தலைக்கு மேல் நீட்டி முறித்துக்கொண்டாள்.

"உன் சட்டை அங்க கிடக்கு," என்றாள். எழுதாத வசனம். "கிளம்பு. நாளைக்கு நான் கடை திறக்கணும்."

ரெஜிஸ் திகைத்து, பிறகு புரிந்துகொண்டு, ஒற்றைக் காலுறையோடு மற்றொன்றைத் தேடி அறை முழுக்கத் தாவினான். அவள் முழங்கையில் தலையைத் தாங்கி அதை வேடிக்கை பார்த்தாள். அவசரமே இல்லை.

கேமராவின் பக்கத்தில் ஃபார்ஜோ நெளிந்துகொண்டிருந்தார். வாய் திறந்தது, மூடியது. "ஃபிலிம் தீருதே, சொல்லு தாயே," என்று உதடு மட்டும் அசைந்தது.

ரெஜிஸ் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, மூச்சு விட்டு, பிறகுதான் சொன்னாள்.

"கட்."

காஸ்தோன் இந்த முறை யாரையும் பார்க்கவில்லை.

ஜினெத் அங்கியோடு ஓடி வந்து அவள் காலைத் தேய்த்தாள். "ஐஸ்கட்டி மாதிரி இருக்கேடி."

"இப்பத்தான் தெரியுது," என்றாள் ஆர்மெல். பல் கிடுகிடுத்தது. அதற்கும் சேர்த்துச் சிரிப்பு வந்தது.

ஃபார்ஜோ கட்டிலருகே வந்து நின்றார். "அழுகை எங்க? எழுதியிருந்தேனே."

"வரல."

"அழ வேண்டிய இடம்மா அது."

"எதுக்கு அழணும்? வேணுங்கறது கிடைச்சுது, ஆளையும் அனுப்பியாச்சு. தூங்கத்தான் போவா."

அவர் காஸ்தோன் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு எடுக்கலாமா?"

"எனக்கு இது போதும்," என்றார் காஸ்தோன், லென்சைத் துடைத்தபடி.

ஃபார்ஜோ மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ஷாட்டுக்கும் நீதான் சொல்லுவியா?"

"அடுத்ததுல நான் கோட்டும் தொப்பியுமா தெருவுல நடந்து போறேன், மொஸ்யூ ஃபார்ஜோ. அதுக்கு நீங்களே சொல்லுங்க."