புல்லிலா, சேற்றிலா

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு பொய்யில். பொய் சொன்னது நான்தான். சொல்லி இரண்டரை மணி நேரம் ஆகிறது. இன்னும் இரண்டரை மணி நேரத்தில் அந்தப் பொய் என் வீட்டு வாசலுக்கு வந்து மணியை அழுத்தப் போகிறது.

காலையில் பூங்காவுக்கு நடக்கப் போனேன். இந்த வெயிலில் அங்குள்ள குளம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. கரையிலிருந்து ஏழெட்டுத் தப்படி கீழே, ஈரச் சேற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பிறை போல நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி இழுத்தேன். தட்டு. சாப்பிடுகிற தட்டு இல்லை, வீசி விளையாடுகிற தட்டு. அந்தப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார்கள். தூரத்தில் சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடை. அதில் விழும்வரை தட்டை வீசிக்கொண்டே போக வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயித்தவர்.

தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு தொலைபேசி எண். ஆடுகிறவர்கள் எல்லோரும் இப்படி எழுதி வைப்பார்களாம். தொலைந்தால் யாராவது எடுத்துக் கூப்பிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. முகம் தெரியாத மனிதரை நம்பித் தன் எண்ணைத் தட்டின் முதுகில் எழுதிக் காற்றில் விடுகிற இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் பிரார்த்தனைகளில் பாதி இப்படித்தான் போகிறது.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேன்.

"ஐயோ, ஆரஞ்சா? ஆரஞ்சேதானா?" ஒரு பெண் குரல்.

"ஆமாம்மா. நல்லாத்தான் இருக்கு. கழுவி வெச்சிருக்கேன்."

"மூணு மாசமாத் தேடறேங்க. தோள்ல ஆபரேஷன் ஆனப்புறம் முதல் போட்டியில வீசினது அது. மூணு டிரைவரை ஒப்பிட்டுப் பாத்து, இதுதான் சரியா வரும்னு எடுத்தது." (டிரைவர் என்றால் தூரம் போவதற்கென்றே செய்த தட்டு. எனக்கும் அப்போதுதான் தெரியும்.) கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு கேக்கணும். புல்லுல கிடந்துதா, சேத்துலயா?"

"ஏம்மா?"

"சேத்துலன்னா என் கைக்கு இனிமே குளத்தைத் தாண்ட முடியாதுன்னு அர்த்தம். எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன். புல்லுலன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை போட்டிக்கு இதையே எடுத்துட்டுப் போவேன்."

"புல்லுலம்மா," என்றேன்.

போனில் அவருக்குப் பின்னால் ஓர் ஆண் இருமினார்.

"அஞ்சு மணிக்கு வரேங்க. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் காட்டிடுங்க."

2

தொடக்கங்கள்.

அ) "அவளுடைய வலது தோளில் நான்கு தையல்கள் இருந்தன, அவை ஒவ்வொன்றும்—" (அடித்துவிட்டேன். எத்தனை தையல் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

ஆ) "வீசிய தட்டு பொய் சொல்வதில்லை." (அடித்துவிட்டேன். பொய்யைப் பற்றி உபதேசம் செய்கிற நிலையிலா இருக்கிறேன்?)

இ) "அந்த மனிதர் ஏன் இருமினார்?"

இது நிற்கட்டும். இதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நானும் அக்காவும்தான் இந்த வீட்டில். அவள் தபால் அலுவலகக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். யார் எதை ஒட்டினாலும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கிற குணம் அவளை விட்டுப் போகவில்லை.

"ஒருத்தர் இருமினதுக்கு அவருக்குப் பொண்டாட்டி, கடை, தொழில் எல்லாம் வெச்சுக் குடுக்கப் போறியா?"

"கதைக்கு வேணும்க்கா."

"கதைக்கு வேணுமா, பொய் சொன்னதுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணுமா?"

நான் தாளை மடித்தேன்.

"அது போகட்டும், அந்தத் தட்டை எதால தேச்சே?"

"பழைய டூத்பிரஷ்தான்."

"யாரோட பழைய பிரஷ்?"

அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறேன்.

3

இனி வருவது முழுக்கக் கற்பனை. ஓர் இருமல்தான் ஆதாரம்.

அவர் ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பார். எந்த ஜன்னலாக இருந்தாலும் உண்மையான அளவோடு ஒரு சாண் கூட்டித்தான் நோட்டில் எழுதுவார். கேட்டால், "மடிப்புக்கு" என்பார். "துணி கொறைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. கூடினா மடிச்சுத் தெச்சுக்கலாம்." இருபது வருஷமாக இந்த ஒரு சாண்தான் அவருக்குச் சோறு போடுகிறது, பேரும் வாங்கித் தருகிறது.

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். 'மூச்சை இழுங்க, அப்படியே புடிங்க' என்று நாள் முழுக்க மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவர் எதையாவது மறைத்தால் முகத்தைப் பார்த்தே, "சரி, மூச்சை விடுங்க" என்பாள். பத்து வருஷமாக ஞாயிறு காலைகளில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறாள். ஏழாவது கூடைக்கு முன்னால் குளம். வீசும் இடத்திலிருந்து எதிர்க்கரைப் புல் ஐம்பத்தெட்டு மீட்டர். முன்பெல்லாம் அவளுக்கு அது ஒரு தூரமே இல்லை. பேசிக்கொண்டே வீசுவாள்.

பிறகு தோளில் சதை கிழிந்தது. ஆபரேஷன். ஐந்து மாதம் கையைத் தூக்கிச் சீப்பு எடுக்க முடியவில்லை. அவர்தான் தலைவாரிப் பின்னிவிட்டார். (திரைச்சீலைக்காரர் பின்னல் எப்படி இருக்கும்? மிக நேராக இருக்கும்.)

ஆறாவது மாதம், "எந்த டிரைவர் என் கைக்கு இப்போ ஒத்து வரும்னு அளந்து பாத்துடலாம்" என்றாள்.

மூன்று தட்டுகள். பத்து வருஷமாக அவள் கையில் இருந்த ஆரஞ்சு: எடை நூற்று எழுபத்து மூன்று கிராம், விளிம்பு அகலம், வேக எண் பதின்மூன்று. புதிதாக வாங்கிய நீலம்: நூற்று அறுபது கிராம், வேக எண் பன்னிரண்டு. இன்னொன்று வெள்ளை: நூற்று ஐம்பதே கிராம், வேக எண் பத்து. கடையில் அதைக் கையில் எடுத்தபோதே அவள் சிரித்துவிட்டாள். "இது தட்டா, அப்பளமா?"

(ஓர் இடைக்குறிப்பு. தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சடித்திருப்பார்கள். எவ்வளவு வேகத்தில் வீசினால் ஒழுங்காகப் பறக்கும், எவ்வளவு நேரம் மிதக்கும், வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பும், வேகம் குறைந்ததும் எவ்வளவு சாய்ந்து விழும். இன்று மத்தியானம் முழுக்க இணையத்தில் இதைத்தான் படித்தேன். ஒரு விஷயம் மட்டும் மனதில் தைத்தது: வேக எண் பெரிதாக இருந்தால் தூரம் போகும் என்பதில்லை. அந்த வேகத்தைக் கை கொடுத்தால்தான் போகும். கொடுக்காவிட்டால் பாதியிலேயே இடது பக்கம் சாய்ந்து விழுந்துவிடும். பலம் குறைந்த கைக்கு இலேசான, சின்ன எண் தட்டுதான் அதிக தூரம் போகும். இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து ஏதோ உறுத்துகிறது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.)

4

காலி மைதானத்தில் அவள் வீசுகிறாள். அவர் எதிர்முனையில் நீள நாடாவோடு நிற்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் பத்து வீச்சு. அவர் அளந்து கத்தவேண்டும், அவள் எழுதிக்கொள்வாள்.

முதலில் ஆரஞ்சு. நேராக வந்து, திடீரென்று மனம் மாறியது போல இடது பக்கம் சாய்ந்து மண்ணில் குத்தியது. அவர் அளந்தார். ஐம்பத்தொன்று.

நிமிர்ந்து பார்த்தார். அவள் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே காத்திருப்பவர்கள் முகத்தில் அவள் தினமும் பார்க்கிற பார்வை. அதை அவள் முகத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அறுபத்தொண்ணு!" என்று கத்தினார்.

மடிப்புக்கு.

பத்து வீச்சிலும் ஆரஞ்சுக்குப் பத்துப் பத்து மீட்டர் கூட்டினார். நீலம் ஐம்பத்து நான்கு போனது. அதற்கு நான்கு கூட்டினார். வெள்ளை தானாகவே மிதந்து மிதந்து அறுபது வந்துவிட்டது. அதற்கு ஒன்றும் கூட்டவில்லை. கூட்டத் தேவையிருக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் நோட்டைக் காட்டி. "ஆரஞ்சு அறுபத்தொண்ணு, அப்பளம் அறுபது, நீலம் ஐம்பத்தெட்டு. பழசு பழசுதான். என்னை விட்டுக்குடுக்கல."

அவர் இருமினார்.

5

(மணி மூன்றே முக்கால்.)

போட்டி நாள். எதிர்க்கரையில், தட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் நிற்பது வழக்கம். அவர்தான் நின்றார். அவளுக்குச் சாயங்கால வெயில் எதிரில். ஆரஞ்சை வீசினாள். வந்தது, வந்தது, சாய்ந்தது. கரைக்கு ஏழெட்டுத் தப்படி முன்னால் தண்ணீரில் சத்தமே இல்லாமல் இறங்கியது.

"தாண்டிடுச்சு!" என்று கத்தினார். "தாண்டிடுச்சும்மா!"

அவள் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். இருவரும் புல்லில் தேடினார்கள். முக்கால் மணி நேரம். தட்டு அங்கே இல்லை என்று தெரிந்தே அவர் ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்தார். ஒரு மனிதன் இதைவிடக் கஷ்டமான வேலை செய்திருக்க முடியாது.

"எந்தப் புதர்கிட்ட விழுந்துச்சு?"

"இங்கதான். இல்ல, கொஞ்சம் அந்தாண்ட."

"நீங்கதானே பாத்தீங்க?"

"வெயில் கண்ல அடிச்சிடுச்சும்மா."

அவள் நிமிர்ந்தாள். "வெயில் எனக்குத்தானே எதிர்ல இருந்துச்சு? உங்களுக்கு முதுகுப் பக்கம்."

அவர் இரு—

6

"இந்த மனுஷனுக்கு மொதல்ல ஒரு இருமல் மருந்து வாங்கிக் குடு," என்றாள் அக்கா. எழுதினவரைக்கும் அவளிடம் கொடுத்திருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், மறுபடி நான்காவது பகுதிக்கு வந்தாள்.

"நல்ல மனுஷன்தான்," என்றாள்.

"அப்போ நான் சொன்னதும் தப்பில்லதானே?"

"அந்த வெள்ளைத் தட்டு அறுபது போச்சுன்னு எழுதியிருக்கியே. குளம் ஐம்பத்தெட்டுதானே?"

"ஆமா."

"அப்போ அவளால தாண்ட முடியும்."

"முடியும்."

"அது அவளுக்குத் தெரியுமா?"

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் அறுபது இருந்தாலும் அவளுக்குத் தெரியாது: அறுபத்தொன்று போகும் ஆரஞ்சே விழுந்தால், அறுபது போகும் வெள்ளையை அவள் எப்படி நம்புவாள்? ஆரஞ்சுக்குக் கூட்டிய பத்து மீட்டருக்குப் பின்னால் வெள்ளை மறைந்துபோயிற்று. மடிப்புக்கு விட்ட துணி ஜன்னலையே மூடிவிட்டது. நான் எழுதியதுதான், என் கண்ணிலேயே படவில்லை.

அன்பினால் சொன்னது அது, அதில் சந்தேகமில்லை. சின்னச் சின்ன இரக்கங்களில்தான் இந்த உலகம் நிற்கிறது என்று நான் நம்புகிறேன். தினமும் காலையில் கண்ணை மூடி அதற்குத்தான் நன்றி சொல்கிறேன். ஆனால் அவர் இரங்கியது ஆரஞ்சுத் தட்டின் மேல். அவள் கைமேல் இரங்கியிருந்தால் ஐம்பத்தொன்றை ஐம்பத்தொன்று என்றே சொல்லிவிட்டு, ஓடிப்போய் வெள்ளையை எடுத்து நீட்டியிருப்பார்.

நானும் 'புல்லுலம்மா' என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிய அந்தப் பெண் ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போவார். தோள் நோக வீசுவார். அது மறுபடி சாய்ந்து விழும். இந்தத் தடவை எல்லோர் கண்ணெதிரே.

(இன்னொரு பயம். 'கழுவி வெச்சிருக்கேன்' என்றேனே? புல்லில் கிடந்ததை யாராவது கழுவுவார்களா? அதை அவர் கவனித்தாரா? அதனால்தான் இடத்தைக் காட்டச் சொன்னாரா?)

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்கு உள்பக்கம், பிரஷ் எட்டாத மடிப்பில், சேறு ஒரு கோடாகக் காய்ந்திருந்தது. ஈரத்துணியை எடுத்தேன். எடுத்துவிட்டு, திரும்ப அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

7

முடிவுகள். மணி நான்கு ஐம்பது.

அ) நான் உள்ளே ஒளிந்துகொள்கிறேன், அக்கா தட்டைக் கொடுத்து அனுப்புகிறாள். ("நான் மாட்டேன்," என்கிறாள் அக்கா.)

ஆ) குளக்கரைக்குக் கூட்டிப் போய் ஏதாவது ஒரு புல்லைக் காட்டுகிறேன். அவர் குனிந்து அந்தப் புல்லைத் தொட்டுப் பார்க்கிறார். (இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது.)

இ) சேறு என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு, "வீட்டுல இலேசான தட்டு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்கிறேன். இருக்கலாம். வெள்ளைத் தட்டு என் கற்பனைதானே. அவரிடம் அப்படி ஒன்று இல்லாமலே போகலாம். அப்படியே இருந்தாலும், அதுவும் சேற்றில் விழலாம். அப்போது நான் என்ன செய்வேன்? ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் ஒரே வார்த்தையில்—

மணி அடித்துவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஒரு பெண். பையை இடது தோளில் மாட்டியிருக்கிறார். பையின் வாய் திறந்திருக்கிறது. உள்ளே தட்டுகளின் விளிம்புகள். வெள்ளை இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. பின்னால் ஒரு மனிதர். நான் எழுதியவரை உயரமாக நினைத்திருந்தேன், இவர் குட்டை. என்னைப் பார்த்துவிட்டார். தலையை மெல்ல, மிக மெல்ல, இடமும் வலமும் ஆட்டுகிறார். சொல்லாதே என்கிறாரா? இல்லை, இனியும் என்னால் முடியாது என்கிறாரா?

"கதவைத் தெறக்கவா?" என்கிறாள் அக்கா.

திற. சேற்றில்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடப் போகிறேன். அதற்கு மேல் இந்தக் கதையை என்னால் முடிக்க முடியாது. நாங்கள் மூவரும் குளத்துக்குப் போவோம். அந்தப் பெண் வீசும் இடத்தில் நின்று பையில் கை விடுவார். எதிர்க்கரையில் யாராவது நின்று பார்த்துச் சொல்லவேண்டும். அந்த மனிதரை நிறுத்த முடியாது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். என்னையும் இனி நிறுத்த முடியாது. அக்காவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் நடக்கமாட்டாள்.

இந்தக் கதையில் இதுவரை அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லாதவர்களில் மிச்சம் இருப்பது, வாசிக்கிற நீங்கள் ஒருவர்தான். தயவுசெய்து போய் நில்லுங்கள். வெயில் உங்களுக்கு முதுகுப் பக்கம். அவர் வீசுகிறார். தட்டு உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. எங்கே விழுகிறதோ அதையே சொல்லுங்கள்.

அவருக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக.