ஊர் கட்டிவைத்த தாலி

தாலியைக் கழற்ற மாட்டேன் என்று செல்லியம்மாள் விடியலிலிருந்து பிடிவாதமாக இருந்தாள். "கட்டுன நாந்தானே சொல்றேன். கழட்டு மே," என்றான் மாதையன், பாயில் கிடந்தபடியே. தை மாதம் புளி உலுக்க ஏறியவன் கிளையோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப் போயிருந்தது. முதுகுப் புண் நாற ஆரம்பித்துவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோனால் ஆறும், போட்டுவைத்தால் ஆள் போய்விடுவான் என்று ஒடுகத்தூர் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். விற்பதற்கு வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூட மிச்சமில்லை.

அந்த நேரத்தில்தான் அரசாங்கத்துக்குச் சின்னதம்பியின் ஞாபகம் வந்தது. அவள் முதல் புருஷன், மாதையனுக்கு அண்ணன். பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்து, கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போனவன். அவனோடு பென்ஷனும் போயிற்று; பெண்டாட்டிக்குக் கொடுக்க அன்றைக்குச் சட்டத்தில் இடமில்லை. இப்போது சட்டத்தை மாற்றி, பழைய சிப்பாய்களின் விதவைகளுக்கும் உண்டு என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரே அவன் முகத்தை மறந்த பிறகு! அதிலும் ஒரு நிபந்தனை: மறுமணம் செய்திருக்கக் கூடாது. இவர்கள் வாழும் மலையிலோ அண்ணன் செத்தால் அண்ணியைக் கைவிடாமல் தம்பி கட்டிக்கொள்வதுதான் முறை. கட்டிக்கொள்ளாதவனைத்தான் ஊர் காறித் துப்பும்.

கடைசியில் கழற்றி, கேழ்வரகுப் பானைக்குள் புதைத்தாள். கழுத்து வெறிச்சென்று இருந்தது. அழக்கூட நேரமில்லை, அவள் போட்ட பென்ஷன் மனுவை விசாரிக்க வந்தவர் வாசலுக்கே வந்துவிட்டார். சந்தியாகப்பன் என்று பெயர், ஓய்வுபெற்ற சுபேதார். ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு மூச்சிரைக்க நடந்து வந்திருந்தார்.

"உள்ளே யாரும்மா படுத்திருக்கறது?"

"அவுரு தம்பிங்க."

"நீங்க மறுபடி கல்யாணம் ஏதாச்சும்..."

"இல்லீங்க ஐயா."

சொல்லிவிட்டாள். உள்ளே மாதையன் இருமலை அடக்கிக்கொண்டான். சுபேதார் தலையாட்டி எழுதினார். இனி ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் போதும். உறவில் மூத்தவரான பெரியம்மாள் மகனை நிறுத்துவதாகப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் சேதி எப்படியோ எட்டி, ஊருக்கே தலைவரான ஊர்க்கவுண்டர் சடையன் வெளுத்த தலைப்பாகையோடு தானே வந்து நின்றார். அவரிடம் இவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஊர் கட்டிய தாலியை ஊரிடமே மறைக்கச் சொல்ல எந்த முகத்தோடு போவது?

"பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிய நாங்க தெருவுல வுட்ருவமா ஐயா?" என்றார் சடையன், நெஞ்சை நிமிர்த்தி. "கருமாதி முடிஞ்ச கையோட தம்பிக்கே கட்டி வெச்சோம். நானே நின்னு கட்டி வெச்சேன். நாடே வந்து சாப்ட்டுச்சு. நீங்க தாராளமா எழுதிக்கலாம்."

சுபேதாரின் பேனா நின்றது. நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊர்ப் பெரியவரு சொல்லி என் காதுல வுழுந்துடுச்சேம்மா. நா இன்னா பண்ணுவேன்?"

அவர் இறங்கிப் போனார். செல்லியம்மாள் அலறவில்லை. மண்ணில் உட்கார்ந்து, வயிற்றில் அறைந்துகொண்டாள். "அந்தாளு செத்துருவாரு மாமா, செத்துருவாரு," என்று அவள் சொன்ன பிறகுதான் சடையனுக்கு விஷயமே விளங்கியது. தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார். பெரிய மனிதர் பச்சைப்பிள்ளை மாதிரி விழித்தார்.

"தீத்து வுட்ருலாம்," என்றார் திடீரென்று. "ஆளுக்கொரு நுனி புடிச்சி இழுத்து, துரும்பு கிள்ளிப் போட்டா புருஷன் பொண்டாட்டி இல்லன்னு ஆய்டும், நம்ம வழக்கம் அதானே. நா சாட்சி. ஓடிப் போயி அவுருகிட்ட சொல்றேன்."

தில்லிச் சட்டம் துரும்புக்குக் கட்டுப்படுமா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை.

"உள்ள வா மே," என்றான் மாதையன்.

அவள் போனாள். அவன் கையை உயர்த்தி, தாழ்ந்த கூரையிலிருந்து ஒரு புல்லை உருவியிருந்தான். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறுநுனியை அவளிடம் நீட்டினான்.

"சீக்கிரம் புடி. அவுரு ஜீப்பு ஏறிடப் போறாரு."

வாசலில் சடையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தயாராக நின்றார். கீழே எஞ்சின் உறுமத் தொடங்கியது. அவள் புல்லின் நுனியைப் பிடித்தாள். பிடித்தபடியே, இழுக்காமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.